பழைய காரில் இன்ஜின் சூடேறினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீரால் குளிரும் இன்ஜின், கார்புரேட்டர் அல்லது ஆரம்பகால இன்ஜெக்ஷன், பெல்ட்டாலோ மோட்டாராலோ சுற்றும் ஃபேன் என்று இருக்கும் பழைய கார்களை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு), பம்ப், ரேடியேட்டர் என்று வரிசையாகப் பாகங்களை மாற்றிக்கொண்டே போவது சோதனை ஆகாது. எந்த வேளையில் சூடேறுகிறது என்று முதலில் கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே முள் சிவப்புக்குப் போகிறது. உடனே என்ன செய்ய வேண்டும்?

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி, அதன் காற்றையும் உச்சத்தில் வையுங்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேர்த்துக் கொட்டும், ஆனால் ஓரமாக நிறுத்த இடம் தேடும் ஓரிரு நிமிடத்துக்கு அது இன்ஜினைக் காப்பாற்றும். ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்றே வருகிறதென்றால் அங்கே கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவம்) போய்ச் சேரவில்லை என்று பொருள். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

நிறுத்திய பிறகு, பானட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்தால் இன்ஜினை உடனே அணையுங்கள். ஆவி இல்லை, பெல்ட் அறுந்திருக்கவில்லை, நெரிசலில் நின்று ஊர்ந்ததால் மட்டும் முள் ஏறியது என்றால் நியூட்ரலில் நிமிடத்துக்கு 1,500 சுற்று அளவுக்கு ஆக்ஸிலேட்டரை மிதித்து அரை நிமிடம் பாருங்கள். பம்ப்பும் பெல்ட் ஃபேனும் வேகமாகச் சுற்றுவதால் முள் இறங்கக்கூடும். இறங்கவில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று குளிர்ப் பக்கம் விழுந்தால் நிம்மதி அடைய வேண்டாம். சென்சார் கூலன்ட்டில் முங்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் வெளியேறி அது ஆவியிலோ வெற்றுக் காற்றிலோ நிற்கும்போது முள் இறங்கிவிடுவது உண்டு. சூடேறும் வேளைகளில் மிக மோசமானது இதுதான்.

ரேடியேட்டர் மூடியை எவ்வளவு நேரம் கழித்துத் திறக்கலாம்?

குறைந்தது 45 நிமிடம். நேரத்தைவிட ஹோஸை நம்புங்கள்: மேல் ஹோஸ் கைக்குச் சூடாக இல்லாமல், அழுத்தினால் தொளதொளவென்று அமுங்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதலான அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அந்த அழுத்தம் போய்விடுவதால் 100 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் ஒரே நொடியில் கொதித்து முகத்துக்கு எழும். ஆறிய பிறகும் கனத்த துணியைப் போட்டு, முதல் பூட்டு வரை மட்டும் திருப்பிச் சற்று நிறுத்தி, சீற்றம் அடங்கிய பின் முழுவதும் திறங்கள்.

சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். வெந்த இரும்பு பிளாக்கும் (சிலிண்டர்கள் உள்ள பகுதி) அதன் மேல் மூடியாக உட்காரும் அலுமினிய ஹெட்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவு சுருங்காது, விரிசல் விடும். ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அவசரம் என்றால் இன்ஜினை ஓடவிட்டபடி, மெல்லிய தாரையாக.

உண்மையிலேயே சூடேறுகிறதா, மீட்டர் பொய் சொல்கிறதா?

பழைய வண்டியில் இதை முதலில் கேட்டாக வேண்டும். ஆவி இல்லை, கூலன்ட் குறையவில்லை, ரிசர்வாயர் (ரேடியேட்டரில் மிஞ்சும் கூலன்ட் சேரும் டப்பா) பொங்கவில்லை, ஆனாலும் முள் மட்டும் உச்சத்தில் என்றால் மீட்டரைச் சந்தேகியுங்கள்.

இன்ஃப்ராரெட் வெப்பமானியால் தெர்மோஸ்டாட் கூட்டின் மீதும் மேல் ஹோஸின் மீதும் குறிபாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தின் மீது அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மீது அளந்தால் கணக்கு சரியாக வரும். 85 முதல் 100 டிகிரி வரை இருந்தால் பெரும்பாலான இன்ஜின்களுக்கு அது சாதாரண நிலை.

ஒற்றை ஒயர் சென்சார் உள்ள வண்டியில், இக்னிஷன் ஆன் நிலையில் அந்த ஒயரைக் கழற்றினால் முள் முழுக் குளிருக்கு இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் வழியில் ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறது, அல்லது மீட்டரே கெட்டிருக்கிறது. பெட்ரோல் மீட்டரும் வெப்ப மீட்டரும் சேர்ந்தே அதிகமாகக் காட்டினால் இரண்டுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். பல பழைய வண்டிகளில் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி மீட்டர்களுக்குச் சராசரியாக 10 வோல்ட் தர வேண்டும். அது கெட்டு 12 வோல்ட்டுக்கு மேல் அப்படியே போனாலோ, அதன் எர்த் துருப்பிடித்தாலோ இரண்டு முட்களும் ஏறும்.

நின்றால் சூடேறுகிறது, ஓடினால் இறங்குகிறது. இது எதைக் காட்டுகிறது?

காற்றோட்டத்தை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றால் அந்த வேலை முழுவதும் ஃபேனுடையது. ஆகவே ஃபேன், அதன் சுவிட்ச், ஃபியூஸ், ரிலே, பெல்ட், ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டு ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். கூண்டை யாராவது இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டிருப்பார்கள். அது இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் தன் ஓரத்திலேயே சூடான காற்றைச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

நெரிசலில் சரியாக இருக்கிறது, நெடுஞ்சாலையிலும் மேட்டிலும்தான் ஏறுகிறது என்றால்?

அப்போது ஃபேனை விட்டுவிடலாம். இன்ஜின் அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது, அதை எடுத்துச்செல்லும் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் குழாய்களில் அடைப்பு, பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட், இறக்கை தேய்ந்த வாட்டர் பம்ப், உள்ளிழுத்துக்கொள்ளும் கீழ் ஹோஸ், பின்தங்கிய இக்னிஷன் டைமிங் (தாமதமாக வரும் தீப்பொறி), கசியத் தொடங்கிய ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) எல்லாம் இந்த வகையில் வரும்.

கிளம்பி ஐந்து நிமிடத்துக்குள்ளேயே முள் கிடுகிடுவென்று ஏறினால் கூலன்ட் இல்லை, அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டது, அல்லது உள்ளே பெரிய காற்றடைப்பு. முள் மேலும் கீழுமாக ஆடினால் கூலன்ட் குறைவு அல்லது காற்றுக் குமிழ். ஓட்டி நிறுத்திய பிறகு, இன்ஜின் அணைந்த நிலையில் ஐந்து பத்து நிமிடம் முள் சற்று ஏறுவதில் கோளாறு ஒன்றுமில்லை. பம்ப் நின்றுவிட்டதால் ஹெட்டின் சூடு அங்கேயே தேங்குகிறது, அவ்வளவுதான்.

குளிர்ந்த இன்ஜினில், கருவி எதுவும் இல்லாமல் எதையெல்லாம் பார்க்கலாம்?

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், ரேடியேட்டரையே திறந்து பாருங்கள். ரிசர்வாயரை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதுதான் பலர் செய்யும் தவறு. ரிசர்வாயர் நிறைந்திருக்க ரேடியேட்டர் ஒரு லிட்டர் குறைந்திருப்பது சாதாரணமாக நடக்கும். கழுத்து வரை கூலன்ட் தெரிய வேண்டும். துருநிறமாகக் கலங்கியிருந்தால் உள்ளே ரேடியேட்டரும் அப்படித்தான் இருக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட் பற்றிய கேள்வியில் அது உதவும்.

பெல்ட்டை அதன் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். பழைய வி-பெல்ட் சுமார் 10 முதல் 13 மில்லிமீட்டர் அமுங்கலாம். அதற்கு மேல் என்றால் வழுக்கும். உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தாலும் வழுக்கும். ஆனால் வீணைத் தந்திபோல் இறுக்கிவிடாதீர்கள், பம்ப்பின் பேரிங் போய்விடும்.

ஹோஸ்களைப் பிசைந்து பாருங்கள். நொறுநொறுவென்று சத்தம் கேட்டாலோ, கிளாம்ப் அருகே உப்பியிருந்தாலோ, தொட்டால் கையில் கரி ஒட்டினாலோ மாற்ற வேண்டும். சில பழைய ஹோஸ்களின் உள்ரப்பர் மட்டும் பெயர்ந்து கதவுபோல் மடங்கி வழியை அடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் புதிதுபோலவே இருக்கும்.

கடைசியாக, ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு டார்ச் அடியுங்கள். பல ஆண்டு இலையும் பூச்சியும் மண்ணும் அந்த இடுக்கில் மெத்தைபோல் படிந்திருக்கும். முன்பக்கம் பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும்.

ரேடியேட்டர் மூடி அவ்வளவு முக்கியமா?

இருப்பதிலேயே சின்னப் பாகம், ஆனால் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் அதுதான். அழுத்தம் ஒவ்வொரு பி.எஸ்.ஐ. (1 பார் என்பது சுமார் 14.5 பி.எஸ்.ஐ.) கூடும்போதும் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரிக்கு மேல் உயர்கிறது. வண்டியைப் பொறுத்து மூடியில் 7, 13, 15 பி.எஸ்.ஐ. என்றோ 0.9, 1.1 பார் என்றோ பொறித்திருக்கும். உங்கள் வண்டிக்கு எந்த எண்ணோ அதையே போடுங்கள். அதிக அழுத்த மூடி போட்டால் பழைய பித்தளை ரேடியேட்டரின் பற்றவைப்பும் ஹீட்டருக்குள் உள்ள குட்டி ரேடியேட்டரான ஹீட்டர் கோரும்தான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

மூடியில் இரண்டு வால்வு உண்டு. பெரியது சூட்டில் விரியும் கூலன்ட்டை ரிசர்வாயருக்கு அனுப்பும். 6 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 100 டிகிரி போகும்போது கால் லிட்டர் அளவு பெருகும், கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் கூடும். நடுவிலுள்ள சின்ன வால்வு ஆறும்போது அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். காலையில் ரேடியேட்டர் குறைந்து ரிசர்வாயர் வழிந்திருந்தால் அந்தத் திரும்பும் வழி வேலை செய்யவில்லை. சின்ன வால்வு, மேல் ரப்பர், ரிசர்வாயர் குழாயில் ஓட்டை ஆகிய மூன்றையும் பாருங்கள். ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப்போயிருந்தால் முதலில் சின்ன வால்வைச் சந்தேகியுங்கள்.

தெர்மோஸ்டாட்டை எப்படிச் சோதிப்பது?

கழற்றாமல் ஒரு சோதனை: குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டு மேல் ஹோஸில் கைவையுங்கள். முதல் சில நிமிடம் ஹோஸ் குளிர்ந்தே இருக்க வேண்டும். பிறகு திடீரென்று சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் அது திறந்தபடி மாட்டியிருக்கிறது. அதனால் இன்ஜின் சூடேறாது, பெட்ரோல்தான் வீணாகும். முள் உச்சத்துக்குப் போயும் ஹோஸ் குளிர்ந்திருந்தால் மூடியபடி மாட்டியிருக்கிறது, அல்லது பம்ப் தள்ளவில்லை. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸின் பக்கம் இருக்கும். அங்கே இதே சோதனையைக் கீழ் ஹோஸில் செய்ய வேண்டும்.

கழற்றிச் சோதிப்பதே உறுதியானது. வால்வின் இடுக்கில் ஒரு நூலைச் செருகி, அந்த நூலிலேயே தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிட்டு, பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாமல் முக்குங்கள். பக்கத்தில் வெப்பமானி. தண்ணீரைக் கலக்கிக்கொண்டே மெதுவாகச் சூடாக்குங்கள். வால்வு திறக்கத் தொடங்கும் கணத்தில் நூல் விட்டுத் தெர்மோஸ்டாட் கீழே விழும். அப்போதுள்ள டிகிரி அதன் மீது பொறித்த எண்ணுக்கு (82 அல்லது 88 அதிகம் காணப்படும்) இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிறகு கொதிக்கும்வரை விட்டு, எவ்வளவு திறந்தது என்று அளங்கள். பல இன்ஜின்களில் 8 மில்லிமீட்டர் அளவு திறக்க வேண்டும். சரியான வெப்பத்தில் தொடங்கி 3 மில்லிமீட்டரோடு நின்றுவிடும் தெர்மோஸ்டாட்தான் ஊருக்குள் நல்ல பிள்ளையாக இருந்து நெடுஞ்சாலையில் காலை வாரும்.

மாட்டும்போது ஸ்பிரிங்கும் மெழுகுக் குமிழும் இன்ஜின் பக்கம் இருக்க வேண்டும். ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேலே வர வேண்டும். காற்று வெளியேறும் வழி அது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடு குறையாதா?

சில வண்டிகளில் குறைந்ததுபோல் தெரியும், சிலவற்றில் கூடவே செய்யும். பல தெர்மோஸ்டாட்களின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. மேல்வழி திறக்கும்போது அது ரேடியேட்டரைச் சுற்றிவளைத்துப் போகும் பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும், கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலேயே இன்ஜினுக்குத் திரும்பும். மற்ற வண்டிகளிலும் இன்ஜின் வேலைவெப்பத்துக்கு வராமல் பெட்ரோல் கூடுதலாக எரியும், சிலிண்டர் தேயும், இன்ஜின் ஆயிலில் ஈரம் தங்கும். அவசரத்துக்கு வீடு சேரக் கழற்றலாம், அப்படியே விட்டுவிடக் கூடாது.

மின் ஃபேன் சுற்றவில்லை. எங்கே தொடங்குவது?

ஃபியூஸில். பிறகு மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுங்கள், ஒயரில் ஃபியூஸ் போட்டு. சுற்றவில்லை அல்லது சோம்பிச் சுற்றுகிறது என்றால் மோட்டார்தான். சுற்றினால் ரேடியேட்டரிலுள்ள இரண்டு ஒயர் வெப்ப சுவிட்ச்சின் இணைப்பைக் கழற்றி, இக்னிஷன் ஆன் நிலையில் அந்த இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச் கெட்டிருக்கிறது, அல்லது சூடான கூலன்ட் சுவிட்ச் வரை வரவேயில்லை. பின்னது தெர்மோஸ்டாட் மூடியிருப்பதாலோ காற்றடைப்பாலோ நடக்கும். ஆகவே சுவிட்ச்சை மாற்றும் முன் ரேடியேட்டரின் அந்தப் பகுதி சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். இணைத்தும் சுற்றவில்லை என்றால் ரிலே, எர்த், ஒயர். மின் ஃபேன் இக்னிஷன் அணைந்த பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கலாம் என்பதால் பேட்டரி இணைந்திருக்கும்போது இறக்கைக்குள் கைவிடாதீர்கள்.

மோட்டாரை அண்மையில் மாற்றியிருந்தால் ஒரு தாளைக் கிரில்லின் முன் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழுக்க வேண்டும். வெளியே தள்ளினால் ஒயர்கள் மாறிப்போயிருக்கின்றன. ஃபேன் சுற்றுவதை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள்.

பெல்ட்டில் ஓடும் விஸ்கஸ் (கெட்டி எண்ணெயின் பிடிப்பால் சுற்றும்) ஃபேன் என்றால்?

இன்ஜின் அணைந்து ஆறியிருக்கும்போது கையால் சுற்றுங்கள். தேனுக்குள் சுற்றுவதுபோல் சீரான தடை தெரிய வேண்டும். ஒரு தள்ளலில் மூன்று நான்கு சுற்றுத் தானாக ஓடினால் உள்ளிருக்கும் சிலிக்கான் எண்ணெய் போய்விட்டது. நடுக்குடத்தில் எண்ணெய்க்கோடும் அதில் அப்பிய தூசியும் இருந்தால் சந்தேகமே இல்லை. இறக்கை நுனியை முன்னும் பின்னும் அசைத்தால் ஆடக் கூடாது. காலையில் கிளப்பியதும் ஒரு நிமிடம் இரைந்துவிட்டு அடங்குவது இயல்பு.

ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முகத்தைக் கட்டம்கட்டமாக இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அளங்கள். உள்வழியிலிருந்து வெளிவழி வரை வெப்பம் சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். நடுவே ஒரு பட்டை மட்டும் சட்டென்று 10, 15 டிகிரி குறைந்திருந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை. மேலிருந்து கீழே ஓடும் பழைய ரேடியேட்டர்களில் அடிப்பகுதியிலும் ஓரங்களிலும்தான் சேறு முதலில் படியும்.

வெளியழுக்கைக் கழுவ, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, தோட்டத்துக் குழாய் அளவு அழுத்தத்தில் அடியுங்கள். பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால் தகடுகள் படுத்துவிடும். விரலால் தொட்டாலே உதிரும் தகடு இருந்தால் கழுவுவதில் பயனில்லை. குழாயின் சூட்டைக் காற்றுக்குக் கடத்துவதே அந்தத் தகடுதான்.

உட்புறத்துக்குத் தலைகீழாகத் தண்ணீர் விடலாம்: கழற்றிய ரேடியேட்டரின் கீழ்வழியில் குழாயைச் செருகி மேல்வழியில் தெளிந்த தண்ணீர் வரும்வரை. இளஞ்சேற்றுக்கு இது போதும். இறுகிய உப்புக்குப் போதாது. பித்தளை ரேடியேட்டர் என்றால் தொட்டியைப் பிரித்துக் குழாய்களுக்குக் கம்பி விட்டுத் திரும்பப் பற்றவைக்க முடியும். பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியக் கோருமாக உள்ளதை மாற்றுவதே நல்லது. பிளாக்கின் வடிகால் பிளக்கையும் மறக்காமல் கழற்றுங்கள். துரு அதிகம் சேர்வது பிளாக்கின் பின்சிலிண்டர் அடியில்தான். பிளக்கைக் கழற்றியும் ஒரு சொட்டு வரவில்லை என்றால் கம்பியால் குத்த வேண்டியிருக்கும்.

வாட்டர் பம்ப் சுற்றுகிறது, கசிவும் இல்லை. அது சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. வெறும் தண்ணீரில் பல ஆண்டு ஓடிய பம்ப்பின் இரும்பு இறக்கைகள் துருவில் கரைந்து பாதியாகியிருக்கும். பிளாஸ்டிக் இறக்கை விரிசல்விட்டு, அச்சு மட்டும் சுற்ற இறக்கை நின்றுவிடுவதும் உண்டு. தெர்மோஸ்டாட் திறந்த பிறகு, கனத்த கையுறையோடு மேல் ஹோஸைச் சற்று நசுக்கிப் பிடித்து, இன்னொருவரை ஆக்ஸிலேட்டர் மிதிக்கச் சொல்லுங்கள். ஃபேனிலும் பெல்ட்டிலும் கை, துணி படாதபடி. ஓட்டத்தின் உந்தல் கையில் தெரிய வேண்டும். ஐடிலில் ஹீட்டர் குளிர்ந்து, சுற்றை ஏற்றினால் சூடாவது பலவீனமான பம்ப்புக்கோ குறைந்த கூலன்ட்டுக்கோ அடையாளம்.

அதே வேளையில் 2,500 சுற்றில் கீழ் ஹோஸைப் பாருங்கள். அது பம்ப்பின் உறிஞ்சும் பக்கம். ரேடியேட்டர் அடைத்திருந்தால் அல்லது ஹோஸுக்குள் இருக்க வேண்டிய ஸ்பிரிங் துருவில் கரைந்திருந்தால் அது சப்பிப்போகும். புதிய ஹோஸ் வாங்கும்போது பழையதிலுள்ள ஸ்பிரிங்கைத் தூக்கிப்போட்டுவிடும் பழக்கம் இங்கேதான் வினையாகிறது.

கூலன்ட் குறைகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை. எங்கே போகிறது?

அழுத்தச் சோதனைக் கருவி இருந்தால் விடை அரை மணியில் கிடைக்கும். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டரை நிரப்பி, கருவியை மாட்டி, மூடியில் பொறித்த அழுத்தம் வரை மட்டும் பம்ப் செய்து 15 நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் தேடல் தொடங்குகிறது: பம்ப்பின் அடியிலுள்ள கசிவுத்துளை, பிளாக்கின் பக்கவாட்டில் அடித்து ஏற்றிய வட்ட மூடிகள், ஹீட்டர் வால்வு, இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட். சூடான இடத்தில் கசியும் கூலன்ட் சொட்டுவதற்குள் ஆவியாகி, வெள்ளை அல்லது பச்சைப் பொருக்கை விட்டுச்செல்லும். உள்ளே கால்விரிப்பு ஈரமாகி, கண்ணாடியில் இனிப்பு வாடையோடு பிசுபிசுப்பான படலம் படிந்தால் ஹீட்டர் கோர்.

வெளியே எங்கும் இல்லையென்றால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி இதே அழுத்தத்தில் சில மணி நேரம் விட்டு, ஆட்களை விலகச் சொல்லி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். எந்தத் துளையிலிருந்து கூலன்ட் பீய்ச்சுகிறதோ அந்த சிலிண்டர்.

ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது என்று எப்படி உறுதிசெய்வது?

ஒரே அறிகுறியை வைத்து ஹெட்டைக் கழற்றாதீர்கள். எரியும் சிலிண்டருக்குள் அழுத்தம் பல பத்து பார், கூலன்ட்டில் 1 பார் அளவுதான். ஆகவே கசிவு சிறிதாக இருக்கும்போது கூலன்ட் உள்ளே போவதைவிட எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் போவதுதான் முதலில் நடக்கும். வெண்புகையும் பால்போன்ற ஆயிலும் வந்த பிறகுதான் கேஸ்கெட் என்று நினைப்பவர்கள் இதனால் ஏமாறுகிறார்கள்.

எளிய சோதனை: இரவெல்லாம் ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து அழுத்தம் இல்லாமல் செய்து, திரும்ப மூடிக் கிளப்புங்கள். ஓரிரு நிமிடத்தில், கூலன்ட் சூடாவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல்போல் இறுகினால் வாயு உள்ளே வருகிறது. அடுத்து, ஆறியபின் மூடியைத் திறந்து கழுத்து வரை நிரப்பி, பம்ப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். பம்ப் சுற்றாத நிலையிலும் குமிழ்கள் விடாமல் வந்தால் அது தேங்கிய காற்று இல்லை. பம்ப்பை டைமிங் பெல்ட் ஓட்டும் இன்ஜின்களில் இதைச் செய்ய முடியாது.

நிறம் மாறும் திரவச் சோதனை இதைவிட நம்பகமானது. கழுத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் அளவு கூலன்ட்டைக் குறைத்துவிட்டு, சோதனைக் குழாயைப் பொருத்தி, இன்ஜின் சூடாக ஓடும்போது மேலுள்ள காற்றை நீலத் திரவத்தின் வழியே இழுக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினின் எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். கூலன்ட் திரவத்தில் கலந்துவிட்டால் அந்தச் சோதனை செல்லாது, புதுத் திரவத்தோடு மறுபடி செய்யுங்கள். சில கசிவுகள் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே வாய்திறக்கும் என்பதால் ஐடிலில் ஒருமுறை பார்த்து விட்டுவிடாதீர்கள்.

கம்ப்ரஷன் சோதனை: எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்து அளக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவிலுள்ள கேஸ்கெட் எரிந்திருக்கிறது. ஆனால் நான்கும் சமமாக இருப்பது கேஸ்கெட்டுக்கு நற்சான்று இல்லை. கூலன்ட் வழிக்குள் மட்டும் கசியும் கேஸ்கெட் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய்போல் இருக்கிறது. கேஸ்கெட்தானா?

குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டியில், ஆவியான ஈரம் மூடியில் குளிர்ந்து அப்படிப் படிவது சாதாரணம். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அதிலும் பால்நிறம், ஆயில் மட்டமும் தானாகவே உயர்ந்திருக்கிறது என்றால்தான் கூலன்ட் கலந்திருக்கிறது. அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டினால் பேரிங்குகள் போய்விடும்.

கூலிங்கில் எல்லாம் சரி. ஆனாலும் சூடேறுகிறது?

அப்படியானால் வெப்பம் அதிகமாக உண்டாகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியில் இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். தீப்பொறி தாமதமானால் எரிதல் பிஸ்டன் இறங்கும்போதும் நீண்டு, சூடு சிலிண்டர் சுவருக்கும் எக்ஸாஸ்ட் வழிக்கும் போகிறது. வண்டி இழுக்காது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் அளவுக்கு மீறிக் காயும். டைமிங் லைட்டால் கையேட்டின்படி சரிபார்த்த பிறகு, வேக்குவம் அட்வான்ஸின் (இன்ஜினின் உறிஞ்சலால் தீப்பொறியை முன்கூட்டியே வரவைக்கும் பாகம்) குழாயை வாயால் உறிஞ்சுங்கள். உள்ளே தட்டு நகர வேண்டும், குழாயை நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்த கலவை, மேனிஃபோல்ட்டில் காற்றுக் கசிவு, அடைத்த சைலன்சர், வழுக்கும் கிளட்ச், பிடித்தபடி நிற்கும் பிரேக் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. பிரேக்கை அறிய, கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் சூட்டையும் வெப்பமானியால் ஒப்பிடுங்கள்.

வெறும் தண்ணீர் போதாதா? கூலன்ட் எவ்வளவு, எந்த நிறம்?

வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரே மேல். ஆனால் அது துருப்பிடிக்கவைக்கும், சீக்கிரம் கொதிக்கும். கூலன்ட் செறிவை மட்டும் ஊற்றுவதும் தவறு, அது தண்ணீர் அளவுக்குச் சூட்டைக் கடத்தாது. பாதிக்குப் பாதி என்பதே பொதுவாகச் சரியான அளவு. 1 பார் மூடியோடு அது 130 டிகிரியை நெருங்கும்வரை கொதிக்காது. உப்பில்லாத, கனிமம் நீக்கிய தண்ணீரையே கலக்குங்கள்.

தண்ணீரால் அலசிய பிறகு பிளாக்குக்குள் ஒரு பங்கு தண்ணீர் வடியாமல் நிற்கும். கொள்ளளவு 6 லிட்டர் என்றால் முதலில் 3 லிட்டர் செறிவை ஊற்றிவிட்டு, மீதியைத் தண்ணீரால் நிரப்புங்கள். முன்பே கலந்த கூலன்ட்டை ஊற்றினால் அந்தத் தேங்கிய தண்ணீரில் நீர்த்துப்போகும்.

நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. ஒரு நிறுவனத்தின் பச்சை இன்னொன்றின் பச்சையாக இருக்க வேண்டியதில்லை. செம்பு, பித்தளை, ஈயப் பற்றவைப்பு உள்ள பழைய ரேடியேட்டருக்குச் சிலிக்கேட் உள்ள மரபான வகை பொருந்தும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வகைகளைக் கலந்தால் கூழாகி அடைக்கலாம். கூலன்ட்டிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் நஞ்சு. வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள், நாயும் பூனையும் நக்கிவிடும்.

நிரப்பிய பிறகு காற்றை எப்படி வெளியேற்றுவது?

ரேடியேட்டர் கழுத்தே மிக உயரமான இடமாக இருக்கும்படி முன்பக்கத்தை ஏற்றி நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், பிளீட் ஸ்குரூ (காற்றை வெளியேற்றும் திருகு) இருந்தால் திறங்கள். மெதுவாக ஊற்றி, ஸ்குரூவில் குமிழ் இல்லாமல் கூலன்ட் வந்ததும் மூடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே கிளப்பி, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கும்போது நிரப்பிக்கொண்டே, ஹோஸ்களை அவ்வப்போது நசுக்குங்கள். ஹீட்டரில் சீராகச் சூடான காற்று வந்தால் காற்று போய்விட்டது. மறுநாள் ஆறிய இன்ஜினில் ஒருமுறை திறந்து பாருங்கள், பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் பிடிக்கும்.

கசிவு அடைக்கும் பவுடர் ஊற்றலாமா?

ரேடியேட்டரில் ஊசித்துளை, பட்டறைக்குப் போகும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால் ஊற்றலாம். எது துளை, எது குறுகிய வழி என்று அதற்குத் தெரியாது. ஏற்கெனவே பாதி அடைத்த ரேடியேட்டரையும் ஹீட்டர் கோரையும் மீதியும் அடைக்கும். கேஸ்கெட்டுக்கு அது மருந்து இல்லை.

ஒருமுறை கடுமையாகச் சூடேறிவிட்டது. ஹெட்டைக் கழற்றினால் எதைப் பார்க்க வேண்டும்?

முழுவதும் ஆறிய பிறகே போல்ட்டுகளைத் தளர்த்துங்கள், அதுவும் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி. சூட்டில் கழற்றினால் நேராக இருந்த ஹெட்டும் வளையும். முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, துல்லியமான நேர்க்கோலை நீளவாக்கில், குறுக்கில், இரண்டு மூலைவிட்டத்தில் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செருகிப் பாருங்கள். பல அலுமினிய ஹெட்களுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை, சிலவற்றுக்கு 0.1 வரை விடுவார்கள். உங்கள் இன்ஜினின் கையேட்டிலுள்ள எண்ணே முடிவு. பிளாக்கின் முகத்தையும் இதேபோல் பாருங்கள், பலர் விட்டுவிடுவது அது.

வளைந்திருந்தால் லேத் பட்டறையில் முகம் சீவலாம், ஆனால் ஹெட்டின் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போகக் கூடாது. சீவுவதற்கு முன்பே அழுத்தச் சோதனையில் விரிசல் பார்த்துவிடச் சொல்லுங்கள். வால்வு சீட்டுகளுக்கு நடுவேயுள்ள குறுகிய பாலத்தில்தான் விரிசல் அதிகம் விழும். மாட்டும்போது போல்ட் துளைகளில் ஆயிலோ கூலன்ட்டோ தேங்கியிருக்கக் கூடாது. வெளிவழி இல்லாத துளையில் திரவம் இருக்க போல்ட்டை முறுக்கினால் பிளாக்கே வெடித்துவிடும். நீண்டு இறுகும் வகை போல்ட் என்றால் புதிதே போடுங்கள். டார்க் ரென்ச்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, கையேடு சொல்லும் படிகளில் முறுக்குங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே கிளப்ப வேண்டும். முதலில் ஹெட்டைக் காயவைத்த காரணம் என்ன என்று கண்டுபிடிக்காமல் கிளப்பினால், புது கேஸ்கெட்டும் அதே வழியில் போகும்.